ஹெர்குலிஸின் நிஜக் கதையைக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. விடுமுறையில் டிஸ்னியின் ‘ஹெர்குலிஸ்’ அனிமேஷன் படத்தைப் பார்த்தான். அதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ஆசையாக இருக்கிறானே என்று பிறந்தநாளுக்குக் கிரேக்கப் புராணக் கதைகள் அடங்கிய தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கினேன். கொடுப்பதற்கு முன்னால் புரட்டிப் பார்த்தபோது, ஹெர்குலிஸே தன் மனைவி மெகாராவையும் குழந்தைகளையும் கொன்றுவிடுகிறான் என்று இருந்தது. பதறிப்போய் புத்தகத்தைப் பீரோவில் வைத்துவிட்டேன். என் மாமனார், “படத்தில் வருவதெல்லாம் பொய், பையனுக்கு உண்மையைச் சொல்லிக்கொடு” என்கிறார். கணவரோ, “சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?” என்கிறார். பையன் என்னிடம், “ஹெர்குலிஸோட நிஜக் கதை எதும்மா?” என்று கேட்கிறான். நான் என்ன சொல்வது? கல்லூரியில் கிரேக்க இலக்கியம் கற்பிக்கும் நீங்கள் வழி சொல்ல வேண்டும்.
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகத்தை இப்போதைக்கு முழுசாக அவன் கையில் கொடுக்க வேண்டாம். படம் பொய் என்றும் சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. கதையை நீங்களே சொல்வதுதான் அது.

முதலில் அவனுடைய கேள்வி. “நிஜக் கதை எது?” என்று கேட்டால், “ஒன்றே ஒன்று என்று கிடையாது, கிரேக்கர்களே ஆளுக்கொரு விதமாகத்தான் சொன்னார்கள்” என்று சொல்லுங்கள். பிள்ளையைச் சமாளிக்கும் பதில் இல்லை இது, உண்மையே அதுதான். ஹெர்குலிஸின் வாழ்க்கையைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை சொல்லும் பழைய கிரேக்கக் காவியம் எதுவும் இன்று நம்மிடம் முழுதாக இல்லை. எழுதப்பட்டவை அழிந்துவிட்டன. நாடகம், பாட்டு, பானை ஓவியம், கோயில் சிற்பம், பிற்காலத் தொகுப்பு நூல் என்று பல இடங்களில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்துத்தான் உங்கள் பீரோவில் இருக்கும் புத்தகம் போன்றவற்றை எழுதுகிறார்கள்.

இவை ஒன்றுக்கொன்று ஒத்தும் போவதில்லை. ஹோமரையே எடுத்துக்கொள்வோம். ‘இலியட்’டில், தேவர்களின் அரசன் ஜீயஸுக்கு அத்தனை பிரியமான ஹெர்குலிஸாலேயே சாவைத் தப்ப முடியவில்லை என்று வீரன் அக்கிலிஸ் சொல்கிறான். ‘ஒடிஸி’யில் ஒடிசியஸ் பாதாளத்தின் நிழல்களிடையே ஹெர்குலிஸைக் காண்கிறான். ஆனால் அது வெறும் உருவம்தான், அசல் ஆள் மேலே தேவர்களோடு விருந்து உண்கிறான் என்று அதே இடத்திலேயே வருகிறது.

உங்களைப் பதற வைத்த அந்தக் கொலைக்கும் இரண்டு வடிவங்கள் உண்டு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் யூரிபிடிஸ் எழுதிய நாடகத்தில், ஹெர்குலிஸ் எல்லாச் சாகசங்களையும் முடித்துவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் பித்தம் தலைக்கேறிப் பிள்ளைகளைக் கொல்கிறான். மெகாராவும் சாகிறாள். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் பிற்காலத் தொகுப்பில் வரிசை தலைகீழ். கொலை முதலில் நடக்கிறது, யூரிஸ்தியஸ் என்ற ராஜா இட்ட பன்னிரண்டு கடினமான வேலைகளும் அதற்கான பரிகாரமாக வருகின்றன. அதில் மெகாரா சாகவே இல்லை. ஆக, யூரிபிடிஸுக்கு உரிமை இருந்தது என்றால் 1997இல் படம் எடுத்தவர்களுக்கும் உரிமை இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். உங்கள் மாமனாரிடம் இதை மரியாதையோடு சொல்லலாம்.

சரி, படம் எதை எதை மாற்றியிருக்கிறது? நிறைய. படத்தில் ஜீயஸின் மனைவி ஹீரா பாசமுள்ள அம்மா. புராணத்தில் அவள்தான் ஹெர்குலிஸின் பரம விரோதி, ஏனென்றால் அவன் ஜீயஸுக்கு ஆல்க்மீனி என்ற மானிடப் பெண்ணிடம் பிறந்தவன். தொட்டிலில் பாம்பை நெரிக்கும் காட்சி படத்திலும் உண்டு, புராணத்திலும் உண்டு. அனுப்பிய ஆள்தான் வேறு. புராணத்தில் ஹீரா, படத்தில் பாதாள தேவன் ஹேடிஸின் கையாட்கள். பறக்கும் குதிரை பெகாசஸ் புராணத்தில் பெல்லரோஃபான் என்ற இன்னொரு வீரனுடையது. பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் தலை வெட்டப்பட்டபோது பிறந்தது, மேகத்தில் செய்யப்பட்டது இல்லை. ஆட்டுக்கால் பயிற்சியாளராக வரும் ஃபிலாக்டிட்டிஸ் புராணத்தில் மனிதன்தான், ஹெர்குலிஸின் சிதைக்குத் தீ மூட்டி அவனுடைய வில்லைப் பரிசாகப் பெற்றவன். மூன்று கிழவிகள் ஒரே கண்ணை மாற்றி மாற்றி வைத்துக்கொள்வது மெடூசாவை வெட்டிய வீரன் பெர்சியஸின் கதையிலிருந்து வந்தது. இதையெல்லாம் பையன் தானாகவே கண்டுபிடிக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் கண்டுபிடிப்பதில் தனி சந்தோஷம்.

ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அது ஹேடிஸ். படத்தில் நீல நெருப்புத் தலையோடு வரும் அந்த வில்லன் பார்க்கச் சுவையானவன்தான். ஆனால் கிரேக்கர்களின் ஹேடிஸ் சாத்தான் கிடையாது. ஜீயஸ், பொசைடன், ஹேடிஸ் மூவரும் சீட்டுக் குலுக்கிப் போட்டு வானத்தையும் கடலையும் பாதாளத்தையும் பங்கு பிரித்துக்கொண்டார்கள் என்கிறது ‘இலியட்’. கண்டிப்பான தெய்வம், அவ்வளவுதான். மூன்று தலை நாய் செர்பெரஸைப் பிடித்துப்போக ஹெர்குலிஸ் வந்தபோது, “ஆயுதம் இல்லாமல் அடக்க முடிந்தால் கொண்டு போ” என்று ஹேடிஸ் அனுமதி கொடுக்கிறான். நியாயமாக நடந்துகொள்ளும் ஆள். மரணத்துக்கு அதிபதியானவன் கெட்டவன்தான் என்று ஒரு பிள்ளை மனதில் பதிந்தால், வீட்டில் ஒரு சாவு விழும்போது அந்த எண்ணம் கூடவே வரும். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

படம் சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு, அவற்றைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. தேவர்களின் இருப்பிடமான ஒலிம்பஸைக் காப்பாற்ற ஹெர்குலிஸ் வந்தால்தான் முடியும் என்று படத்தில் வருகிறதல்லவா? தேவர்களுக்கும் பூமியில் பிறந்த அரக்கர்களுக்கும் நடந்த போரில், ஒரு மானிடன் துணை நின்றால்தான் தேவர்களால் வெல்ல முடியும் என்று வாக்கு இருந்தது, ஹெர்குலிஸ் வந்து அம்பு தொடுத்தான் என்று பழைய கதையே சொல்கிறது. படம் அந்த அரக்கர்களுக்குப் பதிலாக, ஜீயஸுக்கு முந்திய தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்களைக் கொண்டுவந்தது. பல தலைப் பாம்பான ஹைட்ராவைப் பாறைச் சரிவில் நசுக்குவதும் சும்மா வந்தது இல்லை. அதன் தலைகளில் சாகாத ஒன்றைப் பாதையோரம் புதைத்து மேலே பெரிய பாறையைத் தூக்கிவைத்தான் என்பது பழைய செய்திதான். படத்தின் வடிவமைப்பில் பங்காற்றிய பிரிட்டிஷ் கேலிச்சித்திரக்காரர் ஜெரால்ட் ஸ்கார்ஃபின் கூர்மையான கோடுகளும் கிரேக்கப் பானைகளில் இருக்கும் சுருள்களும் சேர்ந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மேகம், தலைமுடி, புகை எல்லாமே அந்தச் சுருளில்தான் போகும். பையனுக்குக் கிரேக்கப் பானைப் படங்களை இணையத்தில் காட்டிவிட்டுப் படத்தை இன்னொரு முறை போட்டுக் காட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட, மெகாராவை மீட்க ஹெர்குலிஸ் ஆவிகளின் ஆற்றில் குதிக்கும் காட்சி. புராணத்து மெகாராவுக்கு அது நடக்கவில்லை, ஆனால் அல்செஸ்டிஸ் என்ற ராணிக்கு நடந்தது. உங்கள் மகனுக்கு அடுத்து நீங்கள் சொல்ல வேண்டிய கதை இதுதான். கி.மு. 438இல் யூரிபிடிஸ் இதை மேடையேற்றினார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், அப்படியே சொல்லலாம்.

அட்மீட்டஸ் என்று ஒரு ராஜா. அவனுக்குச் சாகும் நேரம் வந்தது. அவனுக்குப் பதிலாக வேறு யாராவது சாகச் சம்மதித்தால் அவன் பிழைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரம். வயதான அப்பா, அம்மா இருவருமே மறுத்துவிட்டார்கள். மனைவி அல்செஸ்டிஸ் சம்மதித்தாள், செத்தும் போனாள். அன்றைக்கே ஹெர்குலிஸ் விருந்தாளியாக வந்து நிற்கிறான். வந்தவனைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், இறந்தது யார் என்பதை மறைத்து, ராஜா அவனை உபசரிக்கிறான். ஹெர்குலிஸுக்கு எதுவும் தெரியாது. தலையில் இலை மாலை சுற்றிக்கொண்டு, வயிறு முட்டத் தின்று, குடித்து, கர்ணகடூரமாகப் பாடுகிறான். அழுகையை அடக்கிக்கொண்டு பரிமாறும் வேலைக்காரனிடம், “ஏன் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய்?” என்று வேறு கேட்கிறான். வேலைக்காரன் ஒரு கட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறான். ஹெர்குலிஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மாலையை வீசிவிட்டு நேரே கல்லறைக்குப் போகிறான். அவளைக் கூட்டிப்போக வந்த தனாட்டோஸ் என்ற மரண தேவனோடு மல்லுக்கட்டி, அவளை மீட்டு, முகத்தை மூடிக் கூட்டிவந்து ராஜாவின் கையைப் பிடிக்கச் சொல்கிறான். திரையை விலக்கினால் அல்செஸ்டிஸ். மூன்று நாளைக்கு அவள் பேச மாட்டாள் என்பதோடு கதை முடிகிறது.

ஒன்பது வயதுப் பையன் இந்த ஹெர்குலிஸைப் பார்த்துச் சிரிப்பான், அப்புறம் அவனுக்காக வருத்தப்படுவான். கிரேக்கர்களும் அப்படித்தான் சிரித்தார்கள். தீனிப்பண்டாரமான ஹெர்குலிஸ் அவர்களுடைய நகைச்சுவை நாடகங்களில் அடிக்கடி வரும் பாத்திரம். கி.மு. 405இல் அரிஸ்டோஃபனிஸ் போட்ட ‘தவளைகள்’ நாடகத்தில் மதுவின் தெய்வமான டயோனிசஸ் ஹெர்குலிஸ் வேஷம் போட்டுக்கொண்டு பாதாளத்துக்குக் கிளம்புகிறான். பாதாளத்தில் ஓர் உணவுக்கடைக்காரி அவனை ஹெர்குலிஸ் என்றே நம்பி, “முன்னே வந்து பதினாறு ரொட்டியைத் தின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போனவன் நீதானே?” என்று பிடித்துக்கொள்கிறாள். படத்தில் நகைச்சுவை அதிகம் என்று குறைப்படுபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

கூடவே ஹைட்ரா கதை, ஆஜியஸ் ராஜாவின் அழுக்கு மாட்டுத் தொழுவத்தைக் கழுவ அதற்குள் ஆற்றைத் திருப்பிவிட்ட கதை, வானத்தைத் தாங்கும் அட்லஸின் கதை மூன்றையும் இப்போதே சொல்லலாம். அட்லஸ் கதைக்கு ஒலிம்பியாவில் ஜீயஸ் கோயிலை அலங்கரித்த கல் பலகையின் படத்தைத் தேடிக் காட்டுங்கள். ஹெர்குலிஸ் வானத்தைத் தோளில் தாங்குகிறான், வலிக்காமல் இருக்கக் கழுத்தில் மடித்த மெத்தை வைத்திருக்கிறான். எதிரே அட்லஸ் தங்க ஆப்பிள்களை நீட்டுகிறான். ஹெர்குலிஸுக்குப் பின்னால் அவனுக்குத் துணையான தெய்வம் அதீனா நின்று ஒற்றைக் கையால் அலட்டிக்கொள்ளாமல் வானத்துக்கு முட்டுக்கொடுக்கிறாள். எத்தனை பலசாலிக்கும் மெத்தை வேண்டியிருக்கிறது, துணை வேண்டியிருக்கிறது. சிற்பி பெயர் தெரியாத அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இனி அந்தக் கொலை. “ஹெர்குலிஸ் ஏன் அந்த யூரிஸ்தியஸ் ராஜாவுக்கு வேலை செய்தான்?” என்று பையன் கட்டாயம் கேட்பான். கேட்டால் கதையை மழுப்ப வேண்டாம். “ஹீரா அவனுக்குப் பித்துப் பிடிக்க வைத்தாள். அந்த நேரத்தில் தன் வீட்டு ஆட்களுக்கே பெரிய கொடுமை செய்துவிட்டான். தெளிந்த பிறகு தாங்க முடியவில்லை. பரிகாரமாகத்தான் அந்த வேலைகள்” என்று சொன்னால் போதும். இதில் பொய் ஒன்றும் இல்லை. “யாரை?” என்று அவனே கேட்டால், “பிள்ளைகளை” என்று சொல்லிவிடுங்கள். கேட்காவிட்டால் பன்னிரண்டு, பதின்மூன்று வயது வரை விட்டுவிடலாம். ஒன்பது வயதில் பையன்கள் அப்பாவைத்தான் ஹெர்குலிஸ் இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்பா பிள்ளையைக் கொன்றான் என்ற செய்தி தனியாகப் படிக்கும்போது அவனுக்குள் எங்கே போய் உட்காரும் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் புத்தகம் வேண்டாம், நீங்களோ கணவரோ சொல்லுங்கள் என்கிறேன். உங்கள் கணவரே சொன்னால் இன்னும் நல்லது. பகலில் சொல்லுங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம்.

சொல்லும் நாள் வரும்போது, கொலையோடு நிறுத்திவிடக் கூடாது. பல புத்தகங்கள் அங்கே ஒரு வரி எழுதிவிட்டு சிங்கத்தைக் கொல்லப் போய்விடுகின்றன. யூரிபிடிஸ் அப்படிப் போகவில்லை. அவருடைய நாடகத்தில் பித்துக்கே ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள், லிஸ்ஸா என்று பெயர். ஹீராவின் கட்டளையைக் கேட்டதும் அவளே தயங்குகிறாள், இந்த மனிதனுக்கு இதைச் செய்யாதீர்கள் என்று வாதாடுகிறாள். பித்தில் ஹெர்குலிஸ், எதிரியின் பிள்ளைகளைக் கொல்வதாக நினைத்துக்கொண்டு தன் மூன்று மகன்களைக் கொல்கிறான். வயதான தகப்பனையும் கொல்லப் போகும்போது அதீனா அவன் மார்பில் கல்லை எறிந்து வீழ்த்துகிறாள்.

தெளிந்து எழுந்தவன் சாக நினைக்கிறான். அங்கேதான் ஏதென்ஸ் ராஜா தீசியஸ் வருகிறான், பாதாளத்தில் சிக்கிக் கிடந்தபோது ஹெர்குலிஸ் மீட்டுவந்த நண்பன். தன் பாவம் தீசியஸையும் தொற்றிவிடும் என்று பயந்து ஹெர்குலிஸ் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தீசியஸ் அந்தத் துணியை விலக்கச் சொல்கிறான். நண்பனிடமிருந்து நண்பனுக்குத் தீட்டு ஒட்டாது என்கிறான், ஏதென்ஸுக்கு வா, வீடும் நிலமும் தருகிறேன் என்று கூப்பிடுகிறான். கிளம்பும்போது ஹெர்குலிஸ் தன் வில்லைப் பார்த்து நிற்கிறான். பிள்ளைகளைக் கொன்றதும் இந்த வில்தான், உயிர்காத்ததும் இந்த வில்தான். எடுப்பதா, விட்டுவிடுவதா? கடைசியில் எடுத்துக்கொள்கிறான். நாடகத்தின் முன்பகுதியில், பிள்ளைகள் தன் ஆடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் வரும்போது, பெரிய கப்பல் சின்னப் படகுகளை இழுத்துப்போவது போலக் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லியிருப்பான். முடிவில் தீசியஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, இழுபடும் படகு போல அவனே பின்னால் நடக்கிறான்.

படத்தில் இல்லாதது இதுதான், சகோதரி. உண்மையான வீரம் மனதின் பலத்தில் இருக்கிறது என்று படம் சொல்கிறது. நல்ல வார்த்தை, ஒன்பது வயதுக்கு அது போதும். திருத்தவே முடியாத ஒன்றைச் செய்துவிட்ட பிறகும் ஒரு மனிதன் உயிரோடு இருந்தாக வேண்டும், அதற்குப் பக்கத்தில் ஒரு சிநேகிதன் வேண்டும் என்று யூரிபிடிஸ் சொல்கிறார். வளர்ந்த பிள்ளைக்கு இது வேண்டும். உங்கள் மகனிடமிருந்து இதை நிரந்தரமாக ஒளித்துவைத்தால் அவனுக்குத்தான் நஷ்டம். ஒருவேளை அவனே வேறு எங்காவது படித்துவிட்டு வந்து கேட்டால், புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். “ஆமாம், அப்படித்தான் நடந்தது. அப்புறம் தீசியஸ் வந்தான், அதையும் கேள்” என்று உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

உங்கள் மாமனார் உண்மையில் அக்கறை உள்ளவராகத் தெரிகிறார். அவருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கி.மு. 300 வாக்கில் சந்திரகுப்த மௌரியரின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், ஹெர்குலிஸ் இந்தியாவுக்கு வந்ததாகவும், அவனுக்குப் பண்டையா என்று ஒரே ஒரு மகள் இருந்ததாகவும் எழுதியதை அரியன் என்ற கிரேக்க ஆசிரியர் எடுத்துத் தந்திருக்கிறார். அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்ததாம். தகப்பன் அவளுக்கு 500 யானை, 4,000 குதிரை வீரர், 1,30,000 காலாட்படை கொடுத்தானாம். கடலெல்லாம் சுற்றியபோது கண்டெடுத்த முத்தை மகளுக்கு அணிகலனாகத் தேர்ந்தானாம். கிரேக்கர்கள் போன இடத்துப் பலசாலித் தெய்வத்தையெல்லாம் ஹெர்குலிஸ் என்றே எழுதுவார்கள். இங்கே அவர்கள் கேட்டது கண்ணன் கதையாக இருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கருத்து. பண்டையாவின் நாடு பாண்டிய நாடு என்று கொள்வார்கள். முத்துக்குளித்த ஊரில் இருந்துகொண்டு இந்தக் கதையைத் தாத்தா வாயால் கேட்டால் பையனுக்குத் தலைகால் புரியாது. அந்தக் கதையில் தகப்பனையும் மகளையும் பற்றிக் குழந்தைகளுக்கு ஒவ்வாத ஒரு பகுதியும் வருகிறது, முத்தோடு நிறுத்திக்கொள்ளும்படி மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.